பில் வரும்வரை தாங்குவது எப்படி? சின்ன ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர்களுக்கு ஒரு மந்த கால வழிகாட்டி

கோவையில் எட்டு வருடமாக ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். நல்ல காலத்தில் என்னிடம் 26 பேர் இருந்தார்கள். இப்போது 15 பேர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டதும் திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதி ஆர்டர்கள் தடுமாறின. அந்த ஆர்டர்களை நம்பி ஓடிய இரண்டு கம்பெனிகளில் நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒன்று ஷிஃப்டைக் குறைத்துவிட்டு, "இனி வேண்டாம்ங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. இன்னொன்று அப்படிச் சொல்லவில்லை. தொடர்ந்து வேலை வாங்கிக்கொண்டு, நான்கு மாதம் பில்லைத் தரவில்லை.

என்னைக் கடனாளி ஆக்கியது இரண்டாவது கம்பெனிதான். கையை விட்டுப் போன சைட்டுக்கு யாரும் சம்பளம் கேட்பதில்லை. போகாமல் இருந்து பணம் தராத சைட்டுக்கு மாதாமாதம் ஏழாம் தேதி சம்பளம் கொடுத்தாக வேண்டும். தொழில் மந்தமாக இருக்கும்போது புதிதாக இறங்குகிறவர்கள் "ஆர்டர் கிடைக்குமா" என்றுதான் கவலைப்படுகிறார்கள். ஆர்டர் எப்படியும் கிடைக்கும். பணம் எந்தத் தேதியில் வரும் என்பதற்குத்தான் திட்டம் வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதற்காகவே.

1. ஒரு ஆளுக்கு என்ன செலவு என்று தாளில் எழுதுங்கள்

ரேட் கேட்டவுடன் போனிலேயே ஒரு தொகையைச் சொல்லிவிடுவதுதான் முதல் தப்பு. நானும் செய்திருக்கிறேன். ஒரு ஆளின் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். 12,000 என்பது கணக்கு சுலபமாக இருக்க நான் எடுத்துக்கொண்ட எண். உண்மையான குறைந்தபட்ச ஊதியத்தைத் தொழிலாளர் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும்.

சம்பளம்: 12,000
பிஎஃப், முதலாளி பங்கு, காப்பீடும் நிர்வாகக் கட்டணமும் சேர்த்து 13 சதவீதம்: 1,560
இஎஸ்ஐ, முதலாளி பங்கு 3.25 சதவீதம்: 390
போனஸுக்கு ஒதுக்குவது, 8.33 சதவீதம்: 1,000
ரிலீவர்: 1,846
யூனிஃபார்ம், அடையாள அட்டை: 200

கூட்டினால் 16,996 வரும். 17,000 என்று வைத்துக்கொள்வோம். இதன்மேல் உங்கள் சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம், அதாவது 1,360. ஆக 18,360. ஜிஎஸ்டி 18 சதவீதம் 3,305. கடைசியில் பில் 21,665.

புதியவர்கள் எல்லோரும் விடுவது ரிலீவரைத்தான். ஒரு ஆள் 26 நாள் வருவார். சைட் 30 நாளும் ஓடும். மீதி நான்கு நாளுக்கு வேறு ஒருவரை அனுப்பினால் அவருக்கும் நாள் கூலி உண்டு. 12,000ஐ 26ஆல் வகுத்து நான்கால் பெருக்குங்கள், 1,846 வரும். இதைப் போடாமல் ரேட் கொடுத்தால் உங்கள் 1,360 சர்வீஸ் சார்ஜும் போய், கையிலிருந்து 486 ரூபாயும் போகும். லாபம் என்று நினைத்துக்கொண்டே நஷ்டத்தில் ஓட்டுவீர்கள். முதல் ஒன்றரை வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன்.

கெமிக்கலையும் மெஷின் வாடகையையும் ஆள் ரேட்டில் கலக்காமல் தனி வரியில் போடுங்கள். பின்னால் ரேட் பேசும்போது இது உதவும்.

சரி, இப்போது பத்து ஆள் உள்ள சைட்டைப் பாருங்கள். மாத பில் 1,83,600, ஜிஎஸ்டி 33,048. பில் இரண்டு மாதம் தாமதமானால், போனஸ் ஒதுக்கீட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், சம்பளம் முதலான செலவு 3,20,000, ஜிஎஸ்டி 66,096, மொத்தம் 3,86,096 ரூபாய் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். இந்த சைட்டில் உங்களுக்கு மாதம் நிற்பது 13,600. அதாவது இரண்டு மாதத் தாமதத்தில் இரண்டு வருடத்துக்கு மேலான லாபம் மாட்டிக்கொள்கிறது. பெட்ரோல், போன், சூப்பர்வைசர் சம்பளம் எல்லாம் அந்த 13,600க்குள்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒரு சைட்டை ஒப்புக்கொள்ளும் முன் நான் இப்போது கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இவர்கள் இரண்டு மாதம் தராவிட்டால் சம்பளம் போட என் கையில் காசு இருக்கிறதா? இல்லையென்றால் அந்த சைட் எனக்குப் பெரிது.

2. முதல் நாள் வேலைக்கு முன்னால் உத்யம் பதிவு

உத்யம் என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. செலவு ஒன்றும் இல்லை. ஆதார், பான், ஆதாரோடு இணைந்த மொபைல் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். கூகுளில் தேடினால் அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்கள் வந்து நிற்கும். அவை ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்கும். பணம் கேட்டாலே வெளியே வந்துவிடுங்கள்.

இங்கே இரண்டு பொறி உண்டு. முதலாவது, செயல்பாட்டு வகையில் 'சேவை' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபினாயில், மாப் எல்லாம் வாங்கி விற்கிறோமே என்று 'வணிகம்' என்று டிக் அடித்தால், 45 நாளுக்குள் பணம் பெறும் உரிமை (கீழே 6ஆம் படியில் சொல்கிறேன்) உங்களுக்குக் கிடைக்காது. கட்டடத் துப்புரவுக்கான தொழில் குறியீடு 81210. இரண்டாவது, வேலை ஆரம்பித்து, பில் மாட்டிக்கொண்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பில்களுக்கு அது செல்லுமா என்பதே வழக்காகிவிடும். அதனால்தான் முதல் நாளுக்கு முன்னால் என்கிறேன்.

சான்றிதழ் வந்ததும் அந்த எண்ணை லெட்டர்ஹெட்டிலும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்துவிடுங்கள்.

3. ஜிஎஸ்டி: எந்தத் திட்டம், எந்தத் தேதி

சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மேலே சொன்ன பத்து ஆள் சைட் ஒன்றே வருடத்துக்கு 22 லட்சம். ஆகவே, பத்து பேர் ஆனதுமே பதிவுக்குத் தயாராகிவிடுங்கள். பான், ஆதார், போட்டோ, வங்கி விவரம், ஆபீஸ் முகவரிக்கு ஈபி பில், வாடகை ஒப்பந்தம் ஆகியவை வேண்டும். வீட்டு முகவரியிலேயே எடுக்கலாம். பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. ஆடிட்டருக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் 6 சதவீதம் கட்டும் காம்போசிஷன் திட்டமும் உண்டு. அதில் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கக்கூடாது, நீங்கள் வாங்கும் பொருளுக்கான வரியையும் கழிக்க முடியாது. உங்கள் சைட்டெல்லாம் அபார்ட்மெண்ட், கிளினிக் என்றால் இதைப் பற்றி ஆடிட்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அவர்களில் பெரும்பாலோரால் 18 சதவீதத்தைக் கழிக்க முடியாது, அவர்களுக்கு அது வெறும் செலவு. கம்பெனி சைட்டுகள் என்றால் வழக்கமான பதிவே நல்லது. 'இன்புட்' (பில்லில் கட்டிய ஜிஎஸ்டியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) வராத பில்லை அவர்கள் விரும்ப மாட்டார்கள்.

இப்போது தேதி. பில் போட்டாலே அந்த மாதக் கணக்கில் ஜிஎஸ்டி வந்துவிடும், பணம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. செப்டம்பர் வேலைக்கு செப்டம்பர் 30 தேதியிட்டால் அக்டோபர் 20க்குள் வரி கட்ட வேண்டும். அதே பில்லை அக்டோபர் 1 தேதியிட்டால் நவம்பர் 20 வரை நேரம். சேவை முடிந்து 30 நாளுக்குள் பில் போடலாம் என்பதுதான் சட்டம், ஆகவே இதில் தப்பில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் பணம் தரவேண்டிய தேதி எப்படி எழுதியிருக்கிறது என்பதை மட்டும் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டதில் எனக்கு ஒரு மாதம் மூச்சு கிடைத்தது. இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆள் கிடைத்தது ஆறாவது வருடத்தில்.

4. வொர்க் ஆர்டரில் இந்த நாலு வரி இல்லாமல் வேலை ஆரம்பிக்காதீர்கள்

"நாளைக்கே ஆளை அனுப்புங்க, ஆர்டர் பின்னாலே வரும்" என்பார்கள். பின்னால் வரவே வராது. பக்கம் பக்கமாக ஒப்பந்தம் தேவையில்லை. மெயிலில் வந்தால்கூடப் போதும். ஆனால் இவை இருக்க வேண்டும்:

பில் கொடுத்த எத்தனை நாளில் பணம் (30 நாள் கேளுங்கள், 45க்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்). குறைந்தபட்ச ஊதியமோ பஞ்சப்படியோ ஏறினால் அந்தத் தேதியிலிருந்து ரேட்டும் ஏறும். எத்தனை ஆள், எந்த இடம், எத்தனை தடவை என்ற பட்டியல். நிறுத்துவதானால் இரண்டு பக்கமும் 30 நாள் நோட்டீஸ்.

பஞ்சப்படி வரியை விட்டால் ஏப்ரலில் கையைக் கடிக்கும். சம்பளத்தை நீங்கள் ஏற்றியே ஆக வேண்டும், வாடிக்கையாளரோ "ஆர்டர்ல ஒண்ணும் போடலைங்களே" என்பார்.

5. பில்லோடு என்னென்ன இணைக்க வேண்டும்

தாமதத்தில் பாதி நம்மால்தான் வருகிறது. கொடுத்த கட்டில் ஒரு தாள் குறைந்தால் அக்கவுண்ட்ஸ் மேஜையில் அது அடியில் போய்விடும். கேட்கப் போகும்வரை சொல்லவும் மாட்டார்கள். நான் கட்டும் கட்டு இது:

பில், வொர்க் ஆர்டர் எண்ணும் உத்யம் எண்ணும் போட்டு.
சைட் பொறுப்பாளர் கையெழுத்து போட்ட அட்டெண்டன்ஸ்.
வேலை திருப்தி என்று தேதியோடு ஒரு கையெழுத்து. 45 நாள் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்று பின்னால் சண்டை வந்தால் இதுதான் பேசும்.
முந்தைய மாத பிஎஃப், இஎஸ்ஐ சலான்கள், ஆள் பெயர்ப் பட்டியலோடு.
சம்பளம் வங்கியில் போட்டதற்கான ஸ்டேட்மெண்ட்.

கொடுக்கும்போது நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அங்கேயே நின்று பொறுப்பானவருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு வாருங்கள்.

மாதத்தின் தேதிகளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதி அட்டெண்டன்ஸ் கையெழுத்து, அன்றே பில். மூன்றாம் தேதிக்குள் எல்லா சைட்டிலும் கொடுத்தாக வேண்டும். ஏழுக்குள் சம்பளம். 15க்குள் பிஎஃப், இஎஸ்ஐ. 20 ஜிஎஸ்டி. பில் மூன்றில் போகாமல் பன்னிரண்டில் போனால் அந்த மாதத்தின் பேமெண்ட் சுற்றை விட்டுவிடுவோம். ஒன்பது நாள் தாமதம் முப்பது நாள் ஆகிவிடும்.

டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி பற்றி ஒரு வார்த்தை. தனிநபர் உரிமையாளர் என்றால் 1 சதவீதம் பிடிப்பார்கள். ஜிஎஸ்டி தனியாகக் காட்டிய பில்லில் வரிக்கு முந்தைய தொகையின் மேல்தான் பிடிக்க வேண்டும். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்ததை உங்கள் பான் கணக்கில் கட்டினார்களா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத ஆட்களும் உண்டு.

6. பணம் தள்ளிப்போனால்: எந்த நாளில் எந்தக் கடிதம்

நான்கு மாதம் நான் செய்தது என்ன தெரியுமா? வாரா வாரம் போய் உட்கார்ந்தேன். அக்கவுண்ட்ஸில் இருந்த பெரியவர் தங்கமான மனிதர். "வாங்க தம்பி, டீ சாப்பிடுங்க. ஃபைல் மேலே போயிருக்குதுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்ங்க" என்பார். பதினாறு டீ குடித்திருப்பேன். ஒரு கடிதம்கூட எழுதவில்லை. கடைசியில் வக்கீல் முதலில் கேட்டதே, "எழுத்தில் எப்போது கேட்டீர்கள்?" என்றுதான்.

30ஆம் நாள்: மரியாதையான நினைவூட்டல், மெயிலில்.

45ஆம் நாள்: சட்டத்தைச் சொல்லி ஒரு கடிதம். 2006ஆம் ஆண்டின் சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. "எங்க கம்பெனி பாலிசி 90 நாள்" என்று ஆர்டரில் எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டம் 45தான்.

இதைவிட அவர்கள் பயப்படுவது வருமான வரிக்கு. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், உண்மையில் தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் முடியும்போது உங்கள் பில் கெடு தாண்டி நிலுவையில் இருந்தால் அந்தத் தொகைக்கும் அவர்கள் வரி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே பிப்ரவரியில் உத்யம் சான்றிதழ் நகலோடு எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

இன்னொரு பிடியும் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்த பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி இன்புட்டை அவர்கள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். 150ஆம் நாள் இதை நினைவூட்டி எழுதுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் சிறு தொழில் அமைச்சகத் தளத்தில் புகார். உத்யம் எண், வொர்க் ஆர்டர், பில்கள், எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அது இப்படிப்பட்ட நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதி மன்றத்துக்குப் போகும். கோவையிலும் மன்றம் உண்டு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம்; அதற்கு மேலும் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மன்றம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னால், எதிர்த்துப் போக அவர்கள் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். பெரும்பாலும் புகார் நோட்டீஸ் போனதுமே போன் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. நான்கில் மூன்று பில் வந்தது. நான்காவதற்கு வொர்க் ஆர்டரே இல்லை. "பின்னாலே வரும்" என்றார்களே, அதுதான்.

7. "ரேட்டைக் குறைங்க" என்று சொன்னால்

மந்தத்தில் இந்தப் போன் எல்லோருக்கும் வரும். ஆள் ரேட்டில் கை வைக்காதீர்கள். 1ஆம் படியின் கணக்கில் சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ எதுவும் உங்களுடையதில்லை; நீங்கள் குறைக்க முடிந்தது அந்த 8 சதவீதம் மட்டும். அதைக் கொடுத்தால் சும்மா ஓடுவீர்கள்.

அதற்குப் பதில் வேலையைக் குறைத்துக் கொடுங்கள். சைட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஐடி ஆபீஸ் ஒன்றில் வெள்ளிக்கிழமை நூறு நாற்காலியில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆறு பேரை வைத்து வாரம் முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தோம். செவ்வாய், புதன், வியாழன் ஆறு பேர், திங்கள், வெள்ளி மூன்று பேர், கண்ணாடி வாரத்துக்கு இரண்டு முறை, கார்பெட் மாதத்துக்கு ஒரு முறை என்று நானே எழுதிக் கொண்டுபோனேன். அவர்கள் கேட்டது 15 சதவீதக் குறைப்பு. என் தாளில் பில் அதைவிட அதிகமாகக் குறைந்தது, ஒரு ஆளுக்கான ரேட் அப்படியே நின்றது. விடுபட்ட ஆட்களை மற்ற சைட்டுகளுக்கு ரிலீவராக மாற்றினேன். கழிப்பறை சுத்தத்தை மட்டும் எந்த நாளும் குறைக்காதீர்கள். முதல் புகார் அங்கிருந்துதான் வரும்.

குறைக்கும்போது பதிலுக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள். "பதினைந்து நாளில் பேமெண்ட் என்றால் சர்வீஸ் சார்ஜ் ஏழு சதவீதம்" என்று நான் இரண்டு இடத்தில் பேசியிருக்கிறேன். ஒரு சதவீதம் விட்டது எனக்குச் சல்லிசு.

8. ஆட்கள்

சம்பளத்தைத் தள்ளிப்போடுவது முதலில் சுலபமாகத் தெரியும். ஒரு மாதம் பதினைந்தாம் தேதிக்குத் தள்ளினேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதியே ஒரு அக்கா போன் செய்து, "இந்த மாசம் ஏழுக்கு வந்துருங்களாங்ண்ணா? குழுக்கடன் தவணை இருக்குதுங்ண்ணா" என்றார். அந்த வாரமே மூன்று பேர் பக்கத்துக் கான்ட்ராக்டரிடம் போய்விட்டார்கள். சைட் தெரிந்த ஆள் போனால் புது ஆளுக்குப் பழக்கவே ஒரு மாதம் பிடிக்கும்.

இஎஸ்ஐ பத்துப் பேரிலிருந்து, பிஎஃப் 20 பேரிலிருந்து கட்டாயம். செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று இஎஸ்ஐயை நிறுத்துவது மடத்தனம். எங்கள் ஆள் ஒருவர் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தபோது சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம். மாதம் 390 கட்டாமல் இருந்திருந்தால் அந்தச் செலவு என் தலையில்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. சம்பளத்தை அலவன்ஸாகப் பிரித்துப் போட்டு பிஎஃப்பைக் குறைக்கும் பழைய வித்தை இனி நடக்காது. அலவன்ஸ் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கு. ஆளை நிறுத்தினால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கை முடித்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம் பழைய சட்டத்தில் 20 பேருக்கு என்று இருந்தது, புதியதில் 50 பேர். யாராவது உரிமம் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் முதலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.

9. கெமிக்கல், மெஷின்

இங்கே மிச்சம் பிடிக்கலாம், ஆனால் மட்டமான சரக்கு வாங்கி இல்லை. கேனிலிருந்து நேராகப் பக்கெட்டில் ஊற்றுவதை நிறுத்தினாலே போதும். ஐந்து லிட்டர் கேனை சைட்டில் வைக்காதீர்கள். சூப்பர்வைசர் லேபிளில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து, பாட்டிலில் பெயர் எழுதிக் கொடுக்கட்டும். மூடியால் அளக்கப் பழக்குங்கள். எங்கள் மருத்துவமனை சைட்டில் மாதம் ஆறு கேன் போய்க்கொண்டிருந்தது, நான்கானது.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில் போட்டால் குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் ஆள் மயங்கி விழுவார். இதைப் புது ஆளுக்கு முதல் நாளே வாயால் சொல்லுங்கள், எழுதி ஒட்டினால் மட்டும் போதாது.

சிங்கிள் டிஸ்க் மெஷின் (தரை தேய்ப்பது), வாக்குவம் இரண்டையும் முதல் வருடம் வாடகைக்கு எடுங்கள். மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று குறித்து வைத்து, பாதி நாளுக்கு மேல் ஓடினால் மட்டும் வாங்குங்கள்.

10. மந்தத்தில் எந்த வேலையைத் தேடுவது, எதைத் தொடக்கூடாது

கையில் உடனே காசு வரும் வேலைகள்: வாடகை வீடு காலி செய்யும்போது டீப் கிளீனிங், தண்ணீர்த் தொட்டி கழுவுவது, கட்டி முடித்த வீட்டில் பெயிண்ட், சிமெண்ட் கறை எடுப்பது. பாதியை முன்பணமாகவும் மீதியை வேலை முடிந்ததும் யுபிஐயிலும் வாங்கிவிடுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மூன்று வாரம் முன்பே அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ரேட் போட்டுவிட வேண்டும். தொட்டியில் இறங்கும் வேலைக்கு எப்போதும் இரண்டு பேர், ஒருவர் வெளியே.

இப்படிப்பட்ட சைட்டுகளில் ஒன்று தானாகக் கேட்டு வரும்: "அப்படியே அந்த செப்டிக் டேங்கையும் பாத்துருங்க, தனியாத் தர்றோம்." மந்தத்தில் அந்த ஐந்தாயிரம் பெரிதாகத் தெரியும். ஆளை இறக்கவே இறக்காதீர்கள். பாதுகாப்பு இல்லாமல் இறக்கினால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆள் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், உள்ளே போனவர் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார், காப்பாற்றப் போனவரும் போவார். உரிமம் பெற்ற கழிவுநீர் லாரிக்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள்.

11. கடன்

சம்பளம் போட நாள் தண்டல், மீட்டர் வட்டிக்காரர்களிடம் போகாதீர்கள். நான் போனேன். விவரம் வேண்டாம்.

நல்ல மாதங்களிலேயே வங்கியில் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் வசதி) கேட்டு வையுங்கள். மந்தம் வந்தபின் கேட்டால் ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். பிணை இல்லாத முத்ரா கடனில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். உத்யம் சான்றிதழ், இரண்டு வருட வருமான வரிக் கணக்கு, ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஒரு வொர்க் ஆர்டர் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். ரொக்கத்தில் தொழில் நடத்தினால் கணக்கில் ஒன்றும் தெரியாது, கடனும் கிடைக்காது.

வாடிக்கையாளர் 250 கோடிக்கு மேல் வரவு உள்ள பெரிய கம்பெனி என்றால், அவர்கள் 'ட்ரெட்ஸ்' என்ற பில் தள்ளுபடித் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்கள் பில்லை அதில் ஒப்புக்கொண்டால் வங்கி வட்டியைக் கழித்துக்கொண்டு உங்களுக்கு முன்னாலேயே பணம் தந்துவிடும். கேட்டுப் பாருங்கள்.

12. சைட்டை விட்டு வெளியே வருவது

இரண்டு பில் நிலுவையில் நிற்கும்போது மூன்றாவது மாதத்தை ஆரம்பிக்காதீர்கள். எனக்கு நானே போட்டுக்கொண்ட கோடு இது, இப்போது மீறுவதில்லை. நோட்டீஸ் எழுத்தில் கொடுங்கள். ஆட்களிடம் பத்து நாள் முன்பே சொல்லி வேறு சைட்டில் இடம் காட்டுங்கள். அட்டெண்டன்ஸ் பதிவேட்டின் நகலைக் கடைசி நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள், அதற்குப் பின் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

மெஷின், ஏணி, பக்கெட் டிராலி, கெமிக்கல் மிச்சம் எல்லாம் உள்ளே கொண்டுபோன அன்றே கேட் பாஸில் உங்கள் பெயரில் பதிந்திருக்க வேண்டும். அந்த பாஸ் இல்லாமல் செக்யூரிட்டி ஒரு மாப்பைக்கூட வெளியே விடமாட்டார், அவர்மேல் தப்பும் இல்லை. என்னுடைய சிங்கிள் டிஸ்க் மெஷின் ஒன்று இன்னும் நான்கு மாதம் பில் தராத அந்தக் கம்பெனி படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அங்கே இப்போது வேலை எடுத்திருக்கும் பையன் நேற்றுப் போன் செய்தான், "அண்ணா, இது யாருதுங்ண்ணா, நான் ஓட்டிக்கட்டுமா?" என்று. ஓட்டிக்கோ, ஆனால் வொர்க் ஆர்டர் வாங்கிட்டியா என்று கேட்டேன். பின்னாலே வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம்.